வியர்க்காத ஆள்: கிராபிக்ஸ் இல்லாமல் எடுத்த வேற்றுகிரகவாசிப் படம்

வேற்றுகிரகவாசிக் கதை ஒன்றைக் குறும்படமாக எடுக்கிறோம் என்று யாரிடம் சொன்னாலும், "கிராபிக்ஸுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. நாங்கள் நாலைந்து பேர், சென்னையில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர்கள். கையில் இருந்தவை இரண்டு மிரர்லெஸ் கேமரா, கேமரா ஆடாமல் பிடிக்கும் ஒரு கிம்பல், சில எல்.இ.டி. விளக்குகள், காலர் மைக். கிராபிக்ஸுக்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை. ஒதுக்கத் தேவையும் வரவில்லை. எப்படி என்று பலரும் கேட்டதால் எழுதுகிறேன். இதே வகையில் முயல்கிறவர்களுக்குக் கொஞ்சம் பணமும் சில ராத்திரித் தூக்கமும் மிச்சமாகலாம்.

விண்கலம் வந்து நகரத்தை இடித்துத் தள்ளும் படம் ஒரு வகை. அதன் பக்கமே நாம் போக முடியாது. வேற்றுகிரகவாசி நம்மைப் போலச் சட்டை போட்டுக்கொண்டு, வாடகை கொடுத்து, பக்கத்து அறையில் குடியிருக்கும் படம் இன்னொரு வகை. மறைந்திருப்பதுதான் அவன் வேலை. அதனால் பார்க்க மனிதன் மாதிரி இருந்தே ஆக வேண்டும். கதையே தயாரிப்பாளரின் பர்ஸுக்குச் சாதகமாக நிற்கிறது. அமெரிக்காவில் 1950களிலிருந்து சின்ன பட்ஜெட்காரர்கள் இந்த வகையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை. நம் ஊரிலும் 1963-லேயே எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. ஆனால் அது பாடகியை வேறு கிரகத்துக்குத் தூக்கிப் போகிற கதை. ஒளிந்து குடியிருக்கிற கதை எங்களுக்குத் தேவைப்பட்டது.

திரைக்கதைக்கு முன்னால் பழைய படங்களை உட்கார்ந்து பார்த்தோம். ரசிப்பதற்காக மட்டும் இல்லை. எந்த இடத்தில் காசு செலவாகியிருக்கிறது, எந்த இடத்தில் ஆகவில்லை என்று கணக்குப் பார்ப்பதற்காக. அந்தக் கணக்கில் முதலில் வந்து நின்றது டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்', 1956. ஜாக் ஃபின்னியின் கதை. ஏறத்தாழ 4 லட்சம் டாலரில் முடித்த படம். ஹாலிவுட் கணக்கில் அது அன்றைக்கும் சில்லறைதான். ஒரு சின்ன ஊரில் மனிதர்கள் தூங்கும்போது, ராட்சத நெற்றுகளுக்குள் அவர்களைப் போலவே அச்சு அசலாக வேறு உடம்புகள் வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நெற்றுகள் வரும் காட்சிகளுக்குக் கொஞ்சம் செலவு செய்திருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு முதுகு சிலிர்த்த இடம் அது இல்லை. ஒரு பெண், புல்வெளியில் வேலை செய்துகொண்டிருக்கும் தன் மாமாவைக் காட்டி, "அது என் மாமா இல்லை" என்கிறாள். முகம் அவருடையது, குரல் அவருடையது, பழைய விஷயங்கள் எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறார். ஆனால் பார்வையில் ஒன்று காணோம். அவ்வளவுதான். மாமாவாக நடித்தவர் எந்த மேக்கப்பும் இல்லாமல் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். நமக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இது வெறும் கற்பனையும் இல்லை. நெருங்கிய உறவினரை யாரோ ஆள் மாற்றி வைத்துவிட்டதாக உறுதியாக நம்பும் மனநிலைக் கோளாறு ஒன்று உண்டு. 1923-இல் அதை விவரித்த பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிராவின் பெயரால் அழைக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெண் பேசும்போது டாக்டரான கதாநாயகன் அவளைத்தான் சந்தேகப்படுகிறான், மாமாவை இல்லை. பார்க்கிற நாமும் அவன் பக்கம்தான் இருக்கிறோம், கொஞ்ச நேரத்துக்கு.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்ததுதான் முழுப் படத்தையும் தாங்கியது: வேற்றுகிரகவாசியை உருவாக்குவது அவனைப் பார்க்கிறவர்கள். நேரம், வசனம், குளோசப், மேக்கப் எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். திரைக்கதையில் சந்தேகப்படுகிறவனின் காட்சிகளை முதலில் எழுதி முடித்தோம். சந்தேகத்துக்கு ஆளாகிறவனுக்கு மொத்தமாக ஒரு பக்கத்துக்கு வசனம் தேறியிருந்தால் அதிகம்.

அடுத்தது அடையாளம். இந்த வகைப் படங்களில் மறைந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்க ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு வைத்தால் பார்வையாளர் இரண்டையும் மறந்துவிடுவார். 'தே லிவ்' படத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி, அதைப் போட்டால்தான் அவர்கள் தெரிவார்கள். 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்' படத்தில் மூன்று விரல் கால். 1987-இல் வந்த 'தி ஹிடன்' படத்தில் இன்னும் சாமர்த்தியம்: வேற்று உயிர் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அதற்குக் காதைப் பிளக்கும் பாட்டும் வேகமான காரும் பிடிக்கும். நடுத்தர வயது ஆள் ஒருவர் திடீரென்று பாட்டைச் சத்தமாக வைத்து ஃபெராரியை வெறித்துப் பார்த்தால், ஓகோ, இப்போது இவருக்குள் வந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடும். அந்த ஜந்துவையும் காட்டத்தான் செய்கிறார்கள், ஆனால் படத்தை ஓட்டுவது ஒரு கெட்ட பழக்கம்தான்.

நான் இவற்றில் அதிகம் படித்தது, அசட்டுத் தலைப்பு காரணமாகப் பலரும் ஒதுக்கிவிடும் ஒரு படத்தில்: 'ஐ மேரீட் எ மான்ஸ்டர் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்', 1958. இயக்குநர் ஜீன் ஃபவுலர் ஜூனியர் அடிப்படையில் எடிட்டர். புதுசாகக் கல்யாணமான பெண்ணுக்குத் தன் கணவன் மனிதன் இல்லையோ என்று சந்தேகம். மின்னல் வெட்டும்போது மட்டும் ஒரு கணம் அவன் உண்மை முகம் தெரியும். நாய்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஆக அழகான விஷயம் கடைசியில் வருகிறது. ஊரில் யார் மனிதன், யார் இல்லை என்று தெரியாத நிலையில் நம்பிக்கையான ஆட்களைத் திரட்ட வேண்டும். டாக்டர் நேராகப் பிரசவ வார்டுக்குப் போகிறார். அங்கே புதுசாக அப்பா ஆனவர்கள் எல்லாம் நிச்சயமாக மனிதர்கள். வேற்றுகிரகவாசிகளால் பிள்ளை பெற முடியவில்லை என்பதுதானே கதை. எந்தச் செலவும் இல்லாமல், கதைக்குள் இருக்கும் விதியை வைத்தே ஒரு படை திரட்டிவிடுகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து எங்கள் கேமராமேன் எழுந்து நின்று கை தட்டினான்.

எங்களுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். நாயைக் கையாள ஆள் கிடையாது. கண்ணுக்குப் பச்சை லென்ஸ் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. யூடியூபில் நூறு படத்தில் பார்த்தாயிற்று, அதோடு நடிகரின் கண்ணோடு விளையாடக்கூடாது என்று தள்ளிவிட்டோம். கண் சிமிட்டாமல் நடிக்க வைப்பதும் அப்படித்தான். மனிதன் நிமிடத்துக்குச் சராசரியாக 15 முதல் 20 தடவை சிமிட்டுகிறான். சிமிட்டாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டி, வேற்றுகிரகவாசி அழுகிற மாதிரி ஆகிவிடும்.

கதை நடக்கும் இடம் திருவல்லிக்கேணி மேன்ஷன், அதாவது வெளியூர் ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் விடுதி என்று முடிவானதும் பதில் தானாக வந்தது. மே மாதம், கத்திரி வெயில், மூன்று கட்டில் போட்ட அறை, ஒரு மின்விசிறி. அந்த அறையில் ஒருத்தனுக்கு மட்டும் வியர்க்கவே இல்லை. முடிந்தது கதை.

யோசித்துப் பார்த்தால் அறிவியலும் ஒத்து வருகிறது. மனித உடம்பில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பு முழுக்க வியர்த்துத் தன்னைக் குளிரவைக்கும் வேலையில் நம்மை மிஞ்சும் பாலூட்டி கிடைப்பது அரிது. வெளியிலிருந்து பார்த்து மனிதனைக் காப்பியடித்தவன் முகத்தை, நடையை, பேச்சை எல்லாம் அடித்துவிட்டு இதைக் கோட்டை விட்டிருக்கலாம். அப்படியானால் அவன் உடம்புச் சூடு எங்கே போகும்? இந்தக் கேள்வியைக் கேட்டது எங்கள் குழுவில் பிசிக்ஸ் படித்த ஒரே ஆள். விடை படத்தின் இரண்டாம் பாதியைக் கொடுத்தது: ராத்திரி எல்லாரும் தூங்கினபின் அவன் பக்கெட் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருப்பான். விடியற்காலையில் அறை நண்பன் அந்தத் தண்ணீரைத் தொட்டால் சுடும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் மேன்ஷனில் ஒருத்தன் தினம் ஒரு பக்கெட் தண்ணீரை வீணாக்குவதே சண்டைக்குப் போதும். வேறு வில்லத்தனம் எதற்கு?

மின்னலுக்குப் பதில் எங்களுக்குப் பவர் கட். விசிறி மெல்ல நிற்கிறது. இருட்டில் மொபைல் டார்ச் ஒவ்வொரு முகமாகப் போகிறது. ஒரு முகம், இரண்டாவது முகம், எல்லாம் வியர்த்துப் பளபளவென்று. மூன்றாவது முகம் காய்ந்து கிடக்கிறது. எங்கள் படத்தின் மொத்த ஸ்பெஷல் எஃபெக்ட்டும் இதுதான்.

இப்போது இதன் செய்முறை. தோலுக்கு கிளிசரினும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் அடிப்பது சினிமாவில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம். வெறும் தண்ணீர் விளக்குச் சூட்டில் உடனே காய்ந்துவிடும். கிளிசரின் கலந்தால் துளி நிற்கும். சட்டைக்குக் கிளிசரின் வேண்டாம், பிசுபிசுத்துக் கறை பிடிக்கும், தண்ணீரே போதும். சட்டையின் நிறம் முக்கியம். வெள்ளையிலும் கறுப்பிலும் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. சாம்பல், வெளிர் நீலம் இரண்டிலும் நன்றாகத் தெரியும். எல்லாருக்கும் அந்த நிறங்களில் சட்டை எடுத்தோம். வியர்க்காதவனுக்கும் அதே வெளிர் நீலம்தான் போட வேண்டும். அப்போதுதான் ஈரம் இல்லாதது கண்ணில் படும்.

கன்டினியூட்டிதான் பெரிய தலைவலி. ஒரு ஷாட்டில் அக்குள் வரை ஈரம், அடுத்த ஷாட்டில் மார்பு வரை, அதற்கடுத்ததில் சட்டை காய்ந்திருந்தால் எல்லாரும் வேற்றுகிரகவாசி ஆகிவிடுவார்கள். திரைக்கதையில் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் ஈரத்தின் அளவை 1, 2, 3 என்று எழுதிவைத்தோம். 1 என்றால் நெற்றியும் மேலுதடும் மட்டும். 2 என்றால் கழுத்து, அக்குள். 3 என்றால் முதுகோடு சட்டை ஒட்டியிருக்க வேண்டும். டேக் முடிந்ததும் மொபைலில் ஒரு போட்டோ. உதவிக்கு வந்த தங்கை ஒருத்தி இந்த ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பொறுப்பை இன்னொரு வேலையோடு சேர்த்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வியர்க்காதவனாக நடிப்பவருக்கு நிஜமாகவே வியர்க்கும் என்பதை மட்டும் எந்தக் கதையாலும் மாற்ற முடியாது. அவர் வரும் வைடு ஷாட்டுகளை விடிந்ததும் எடுத்துவிட்டோம். டேக்குக்கு நடுவில் கை விசிறி, டிஷ்யூ, கொஞ்சம் பவுடர், ஒரே மாதிரி பல சட்டைகள். குளோசப்புகளை ஏ.சி. அறை ஒன்றில், மேன்ஷன் சுவரின் அதே பச்சை பெயின்ட்டைப் பலகையில் அடித்துப் பின்னால் நிறுத்தி எடுத்தோம். எங்கள் பட்ஜெட்டில் சாப்பாட்டுக்கு அடுத்த பெரிய செலவு அந்த ஏ.சி. அறை வாடகைதான். மற்ற அத்தனை பேரும் கிளிசரினில் குளிக்க, கதாநாயகன் மட்டும் மேக்கப் இல்லாமல் ஏ.சி.யில் உட்கார்ந்திருந்ததில் மற்ற நடிகர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நடிகரைப் பற்றிச் சொல்லும்போது அமெரிக்க இயக்குநர் ஜான் சேல்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் இயக்கிய 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்' 1984-இல் வந்தது. செலவு சுமார் 3.5 லட்சம் டாலர். மேக்ஆர்தர் அறக்கட்டளை அவருக்குக் கொடுத்த நிதி இதற்கு உதவியது. தன் கிரகத்தில் அடிமையாக இருந்து தப்பி வந்த ஒரு கறுப்பு நிற வேற்றுகிரகவாசி நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்கிறான். அவனால் பேச முடியாது. ஜோ மார்ட்டன் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நடித்திருக்கிறார். ஹார்லெம் பாரில் உட்கார்ந்திருப்பவர்கள் அவனிடம் தங்கள் கதையைக் கொட்டுகிறார்கள், அவன் கேட்கிறான். வாய் பேசாதவனிடம் எல்லாரும் மனம் விட்டுப் பேசுவார்கள் என்பது எங்கும் உள்ளதுதானே. அவனைத் தேடி வரும் வேற்றுகிரக அதிகாரிகள் இரண்டு பேரில் ஒருவர் சேல்ஸேதான். விண்கலம் மோதி விழும் காட்சியை மிகச் சிக்கனமாக முடித்துவிட்டு நேராக ஊருக்குள் வந்துவிடுகிறார். படத்தின் பணமெல்லாம் அந்தத் தெருக்களிலும் முகங்களிலும் இருக்கிறது. ஒளிப்பதிவு எர்னஸ்ட் டிக்கர்சன். இயக்குநர் ஸ்பைக் லீயின் படங்களால் பிறகு பெயர் பெற்றவர்.

ஜோ மார்ட்டனைப் பார்த்தபின் எங்கள் நடிகரிடம் "உணர்ச்சி இல்லாமல் நடி" என்று சொல்வதை நிறுத்தினோம். அப்படிச் சொன்னால் எல்லாரும் ரோபோ மாதிரி கழுத்தைத் திருப்புவார்கள். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்தோம். "இந்த அறையில் யார் யார் எப்போது மூச்சு இழுக்கிறார்கள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இரு." அவர் மேடை நாடகத்திலிருந்து வந்தவர், சொன்னதைச் செய்தார். அந்தக் கவனம் முகத்தில் வந்ததும், நாங்களே கொஞ்சம் தள்ளி நின்றோம்.

தெருவில் எடுத்த பகுதிக்கு முன்னோடி ஜோனதன் கிளேசரின் 'அண்டர் தி ஸ்கின்', 2013. சின்ன பட்ஜெட் என்று அதைச் சொல்ல மாட்டேன். முறை மட்டும் நமக்கு உதவும். ஸ்கார்லெட் ஜோஹான்சன் தலையில் விக் வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தெருக்களில் வேன் ஓட்டுகிறார். நிறுத்தி ஆண்களிடம் வழி கேட்கிறார். வேனுக்குள் கேமராக்களை ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த ஆண்களில் பலருக்குப் படம் எடுப்பது தெரியாது. பிறகு சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் மேன்ஷன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். டீக்கடைக்காரரிடமும் மெஸ் அக்காவிடமும் முன்கூட்டியே பேசிவிட்டோம். தெருவில் எடுக்கும்போது ஸ்டாண்டு, விளக்கு எதுவும் இறக்கவில்லை. யாராவது நடிகரிடம் பேசினால், பேசி முடித்த கையோடு விஷயத்தைச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்போம். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவோம். முகம் தெரியாமல் மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று பிற்பாட்டுக்குத் தள்ளாதீர்கள். எடிட்டில் உட்காரும்போது அந்த ஷாட்தான் நன்றாக இருக்கும், மனசு கெட்டுப்போகும்.

டீக்கடையில் நடந்த ஒன்றை நாங்கள் எழுதியிருக்கவே முடியாது. நம் ஊரில் வேற்றுகிரகவாசிக்கு மிகப் பெரிய ஆபத்து ராணுவமோ விஞ்ஞானியோ இல்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" என்ற கேள்விதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் டீ வருவதற்குள் அதைக் கேட்டுவிட்டார். எங்கள் நடிகர் யோசித்துவிட்டு, "மேற்கே" என்றார்.

"மேற்கேன்னா, கோயம்புத்தூர் பக்கமா?"

நடிகர் தலையை லேசாக அசைத்தார்.

"அதானே பார்த்தேன். அந்த ஊரு தண்ணி குடிச்ச உடம்புக்கு இந்த வெயிலு ஒண்ணும் பண்ணாது" என்றார் பெரியவர். கேள்வியும் அவரே, பதிலும் அவரே, சந்தேகத்துக்கு விளக்கமும் அவரே. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் நடிச்சது ஓகேவா?" என்று வேறு கேட்டார். படத்தில் எல்லாருக்கும் பிடித்த காட்சி அதுதான். மறைந்திருப்பவனுக்கு முன்கதை எழுதாதீர்கள். சுற்றியிருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து அவனுக்கு ஒரு முன்கதை கட்டிக் கொடுத்துவிடுவார்கள், நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான் நடக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திரைக்கதையைப் படித்த மூத்த நண்பர் ஒருவர், "இதைப் பார்க்கிறவன் வடநாட்டுப் பையன்களை நினைச்சுக்குவானே, சரியா?" என்று கேட்டார். மேன்ஷன், புது ஆள், பேசத் தெரியாது, எங்கிருந்து வந்தான் என்று தெரியாது, தண்ணீரை வீணாக்குகிறான். சென்னையில் இந்த வார்த்தைகளை யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த வகைப் படங்களோடு கூடவே பிறந்த சிக்கல் இது. 1956 படத்தைச் சிலர் கம்யூனிஸ்ட் பயம் என்று படித்தார்கள். வேறு சிலர் கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடியவர்களைப் பற்றிய பயம் என்று படித்தார்கள். 'நம் நடுவே ஒளிந்திருக்கும் அந்நியன்' என்ற வாக்கியம் எந்த வெறுப்புக்கும் வாடகைக்குப் போகக்கூடியது.

ஜான் கார்பென்டர் 1988-இல் எடுத்த 'தே லிவ்' இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தோம். 30–40 லட்சம் டாலர் படம். ரே நெல்சன் 1963-இல் எழுதிய சிறுகதையிலிருந்து வந்தது. வேலை தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் வரும் கூலித் தொழிலாளிதான் அதில் உண்மையைப் பார்க்கிறான். கண்ணாடி போட்டால் உலகம் கறுப்பு வெள்ளையாகிறது. விளம்பரப் பலகைகளில் 'கீழ்ப்படி', 'வாங்கு' என்று எழுதியிருக்கிறது. பணக்காரர்களும் அதிகாரிகளும் மண்டையோட்டு முகத்தோடு நிற்கிறார்கள். வந்தேறியாக இருப்பவன் சந்தேகப்படுகிறான். சந்தேகத்துக்கு ஆளாவது மேலே இருப்பவர்கள். நண்பனைக் கண்ணாடி போட வைக்க, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு சந்தில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறான். கதாநாயகன் ராடி பைப்பர் நிஜ மல்யுத்த வீரர். ரொம்ப நீளம் என்று பலர் அந்தச் சண்டையைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது சரியான நீளம். பார்க்க விரும்பாத ஒருத்தனைப் பார்க்க வைப்பது அவ்வளவு கஷ்டம்தான். சேல்ஸ் படம் வேறு வழியில் போகிறது: ஒளிந்திருப்பவன் பாவம், துரத்துபவர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றுவது ஹார்லெம்காரர்கள்.

நாங்கள் சேல்ஸ் பக்கம் போனோம். பக்கெட் தண்ணீர் சுடுவதைக் கண்டுபிடிக்கும் அறை நண்பன் யாரிடமும் சொல்வதில்லை. மேனேஜர் அண்ணாச்சி சந்தேகப்பட்டு வந்து நிற்கும்போது தன் முகத்தையும் துடைத்துக்கொண்டு, "எனக்கும்தான் வியர்க்கல அண்ணாச்சி, ஃபேனு கீழ இருந்தேன்" என்கிறான். அந்த ஒரு வரி வந்ததும், மூத்த நண்பரின் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லிவிட்டோம் என்று தோன்றியது.

சில சில்லறை விஷயங்கள். மேன்ஷன் வராண்டாக்களில் மலிவு எல்.இ.டி. பல்புகள்தான் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டர் 1/50-இல் எடுங்கள். சினிமா லுக் என்று 24 ஃபிரேமுக்கும் 1/48 ஷட்டருக்கும் போனால் திரையில் கோடு ஓட வாய்ப்பு உண்டு. சத்தத்துக்கு நாங்கள் நிறைய நேரம் கொடுத்தோம். விசிறி ஓடும்போது எடுத்தால் வசனம் கெடும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தோம், நடிகர்களுக்கு நிஜமாகவே வியர்த்தது, அது ஒரு லாபம். விசிறிச் சத்தம், மோட்டார் பம்ப், காக்கை, பெரிய மசூதிப் பக்கமிருந்து வரும் பாங்கு, எல்லாவற்றையும் தனித்தனியாக ஆள் இல்லாத நேரத்தில் பதிவு செய்துகொண்டோம். மிக்ஸிங்கில், வியர்க்காதவன் தனியாக இருக்கும் காட்சிகளில் ஒரே ஓர் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டோம்: காக்கை. யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காட்சிகளில் ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். இசைக்கு, கார்பென்டர் தன் படங்களுக்குத் தானே சிந்தசைஸரில் வாசித்துக்கொள்வதைப் பார்த்து, நண்பன் ஒருவன் கீபோர்டில் கனத்த கீழ்ச்சுரத்தில் ஒரே பாஸ் (bass) வரியை வாசித்துக் கொடுத்தான்.

முடிவு பற்றி மட்டும் சண்டை ஓயவில்லை. அவன் எந்தக் கிரகம், எதற்கு வந்தான் என்று சொல்லிவிடச் சொல்லி எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் கடைசி வரை நின்றார்கள். 1956 படத்துக்கும் இதே கதை. கதாநாயகன் நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே நின்று, யாரும் காது கொடுக்காமல் போக, கத்திக்கொண்டிருப்பதோடு படம் முடிந்திருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் பயந்துபோய் முன்னாலும் பின்னாலும் ஆஸ்பத்திரிக் காட்சி சேர்த்து, அரசாங்கத்துக்குப் போன் போட வைத்து ஆறுதல் சொல்லிவிட்டது. இன்றைக்கும் அந்த நெடுஞ்சாலைதான் நினைவில் நிற்கிறது. எங்களுக்குத் தயாரிப்பு நிறுவனம் கிடையாது என்பதால் விளக்கம் சொல்லாமல் விட்டோம். திரையிடலில் ஒருவர், "அவனுக்கு ஏதோ தோல் வியாதியாகவும் இருக்கலாமே?" என்றார். இருக்கலாம். வியர்வையே சுரக்காத நிலை மருத்துவத்தில் உண்டு. அவர் அப்படிப் பார்த்தாலும் படம் நிற்கிறதா என்று கேட்டேன். நிற்கிறது, இன்னும் பாவமாக இருக்கிறது என்றார்.

இதே வகையில் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் மட்டும் தருகிறேன். அந்த 1956 படம் 80 நிமிடம்தான். ஒருமுறை முழுசாகப் பாருங்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு, நடுவிலிருந்து எங்காவது பத்து நிமிடம் ஓட்டி, கதை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, இதில் யார் மனிதன், யார் இல்லை என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டபிறகு மேக்கப்காரருக்குப் போன் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.